அடிக்குறிப்பு பதினேழு

ஹட்டனில் மழை.
அச்சகத்து மேல்மாடியில்
சட்ட மாணவர் ஆண்டு மலரின் தாள்கள்
கொடியில் போட்ட துணிபோல
காய மறுக்கின்றன.
நான் உதவி இதழாசிரியர்.
காற்புள்ளி பார்ப்பேன்,
நீதியரசரின் வாழ்த்துரையில்
சந்திப்பிழை திருத்துவேன்.

கொழும்பிலிருந்து அஃப்ராஸ் எடுக்கிறான்.
"உன் கட்டுரையில் பதினேழாம் அடிக்குறிப்பு.
நூல் பெயர் இல்லை, பக்கம் இல்லை, பதிப்பாளர் இல்லை.
இப்படியே போட்டால் சிரிப்பார்கள்."
கீழே பஸ் ஸ்டாண்டில்
மஸ்கெலியா மஸ்கெலியா என்று கூவுகிறார்கள்.
கேட்கவில்லை என்கிறேன்.
கேட்டது.

மூன்று வருடம் படித்தேன்.
உரோம டச்சுச் சட்டம்:
ஒல்லாந்தர் மறந்துவிட்டுப் போன குடை,
இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.
தேசவழமை யாழ்ப்பாணத்தாருக்கு.
கண்டியச் சட்டம் இதே மலைதான், இதே பனிதான்,
ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வீடுகளுக்கு.
விருப்பப் பாடமாகக் கடல் சட்டம் எடுத்தேன்,
பதினெட்டு வயதில்தான் கடலைப் பார்த்தவள்.
பன்னிரண்டு கடல்மைல்வரை
தண்ணீர் யாருடையது என்று தெரியும் எனக்கு.
பன்னிரண்டுக்குப் பத்தடிக் காம்பிரா
யாருடையது என்று எழுதத்தான்
இந்தக் கட்டுரை.

ஆதனச் சட்டம். செவ்வாய், பின்னேரம் இரண்டு மணி.
ஒரு நிலத்தில் பத்து வருடம்
உரியவனுக்கு எதிராக, ஒளிக்காமல்
இருந்துவிட்டால் அது உனதாகலாம்.
கையை உயர்த்தினேன்.
நூற்றைம்பது வருடம் இருந்தால்?
விரிவுரையாளர் கண்ணாடியைத் துடைத்தார். நல்ல மனிதர்.
"அனுமதியோடு இருந்தால்
ஆயிரம் வருடமானாலும் அது கனியாது."
எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.
நானும் எழுதினேன்.
பரீட்சையில் அதற்கு எட்டுப் புள்ளி கிடைத்தது.
அந்த அனுமதியை யார் கேட்டது
என்ற வினா தாளில் வரவில்லை.

ஏழாம் லயம், நாலாம் காம்பிரா, இஞ்ஞாசி.
முப்பத்தெட்டு வருடம் கவ்வாத்துக் கத்தி.
போன மாசியில் கதவில் ஒட்டினார்கள்,
ஓய்வு பெற்றவர் முப்பது நாளில் அறையை ஒப்படைக்க.
அவர் அதைக் கிழிக்கவில்லை.
பிய்ந்த மூலைகளுக்குச் சோற்றுப் பருக்கை தேய்த்து
இன்னும் இறுக்கி ஒட்டிவிட்டு
என்னைக் கூப்பிட்டார்.
"படிச்ச புள்ள, தமிழ்ல பிழை இருக்கா பாரு."
இருந்தது.
குடியிருப்பாளர் என்பதில்
ரு வரவேண்டிய இடத்தில் று.
இறுத்தல் என்றால் கடன் கட்டுவது என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"அப்ப பிழை இல்ல" என்றார்.

"தங்கச்சி, பதினேழை எடுக்கவா, வைக்கவா?"
கணினியில் பக்கம் கட்டும் பரிமளகாந்தனுக்குத் தடிமன்,
மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டுகிறார்.
நான் சொல்லச் சொல்ல.

நூல்: கதவு.
பதிப்பாளர்: தோட்ட நிர்வாகம்.
பதிப்பு: முதலாவது, ஈரத்தில் உப்பியது.
பக்கம்: ஒன்று. மறுபக்கம் பலகை.
பார்வையிடும் காலம்: அவர் உள்ளே இருக்கும்வரை.

அனுப்பி, மின்சாரம் போய், வந்து,
பிளேன்டீ ஆறிய பிறகு
அஃப்ராஸின் பதில்.
"பார்வையிடும் காலம் என்று
எந்தக் கையேட்டிலும் ஒரு முறை இல்லை."
அடுத்த செய்தி கொஞ்சம் கழித்து.
"வை."

உள்ளடக்கப் பக்கத்தில் இன்னொன்று.
இடம் போதாமல் என் பெயர்
மருதமுத்து லோ என்று நின்றுபோயிருந்தது.
பரிமளகாந்தன் சிரித்தார்,
"லோ படிக்கிறதால லோவோட நின்னுடுச்சு."
மத்தியானத்தோடு நிறுவை குறைந்தால்
மலையில் அரைப்பேர் போடுவார்கள்,
பாதி நாள், பாதிச் சம்பளம்.
எழுத்தைச் சின்னதாக்கச் சொன்னேன்.
மருதமுத்து லோஜிதா.
முழுப்பேர்.

கடைசி பஸ் ஆறரைக்கு.
வாழ்த்துரையில் இன்னும்
ஒரு ஒற்று மிகுந்திருக்கிறது.